கொக்கித் தராசு

சித்திரை வருசத்துக்கு முந்தின ஞாயிறு,
மஸ்கெலியா டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
படங்கு விரித்திருந்த பையனிடம்
தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு கொக்கித் தராசு வாங்கினேன்.
பில் கேட்டேன். சிரித்தான்.
"அக்கா, இது ஜப்பான் சாமான்."
ஜப்பான்காரன் பில் போடமாட்டானோ?

அன்றிலிருந்து நிறுக்கிறேன்.
சீனி, கருவாடு, வெங்காயம்,
வெங்காயம் வந்த பையைத் தனியே.
நிஸ்தார் நானா கடைப் பருப்பு பத்துக் கிராம் கூட.
போய்ச் சொன்னேன்.
"அப்ப திருப்பித் தாறீங்களா?" என்றார்,
சிரிக்காமல்.

கேஸ் சிலிண்டரை மாட்ட
கதவு நிலையில் கயிறு கட்டி
ஒரு பக்கம் நான், மறு பக்கம் யோகமலரின் புருசன்.
லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன.
நிலைதான் விரிசல் விட்டது.

என்னிடம் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்:
பஸ் ஸ்டாண்ட் கக்கூசுக்கு ரிப்பன் வெட்டி ஏழு மாசம்.
சாவி யாரிடம் என்று
வெட்டினவருக்கே தெரியாது.
கோயில் சந்தி லைட் பகலெல்லாம் எரிகிறது,
ராத்திரியானால் தூங்குகிறது, வாட்சரைப் போல.
நாலரை பஸ் நாலு இருபதுக்கே போய்விடுகிறது;
கேட்டால் கண்டக்டர் சொல்கிறான்,
"நேரத்தோட வரணும் அக்கா."
நேரத்தோடு வந்து நின்றவளிடம்!
பால்மாப் பெட்டியில்
அதே மாடு, அதே புல், அதே உயரம்.
உள்ளே மட்டும் காற்று வளர்கிறது.

பிறகு பாண்.
விமலதாச பேக்கரிப் பாண்
நானூற்று இருபது.
மூன்று நாள் வாங்கினேன், மூன்று நாளும்
முப்பது கிராம் குறைச்சல்.
நாலாம் நாள் கடை நிறைய ஆள் நிற்கும்போதே
கொக்கியில் தொங்கவிட்டேன்.
பிடித்த மீனைப் போல ஆடியது பாண்.
எல்லாருக்கும் கேட்கும்படி இலக்கத்தை வாசித்தேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்
மாவு படிந்த இரும்புப் படிக்கல் ஒன்றைக்
கொண்டுவந்து வைத்தார்.
அரசாங்க முத்திரை குத்தின ஒரு கிலோ.
"இதை மாட்டுங்க."

மாட்டினேன்.
தொள்ளாயிரத்து எழுபது.

காது இரண்டும் சுட்டது.
அதே ஆட்கள் முன்னால், அதே சத்தத்தில்
"மாத்தயா, என் தராசுதான் பொய்" என்றேன்.
ஒரு சுடு பணிஸ் நீட்டினார்.
சல்லி கொடுத்துத்தான் வாங்கினேன்.
திரும்பி நடக்கையில் பருப்பு ஞாபகம் வந்தது:
நானா நாற்பது கிராம் கூடப் போட்டிருக்கிறார்!
அதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

தராசை எறியச் சொன்னாள் யோகமலர்.
எதற்கு?
எவ்வளவு பொய் என்று தெரிந்த தராசு
பாதி உண்மை ஆகிவிட்டது.

திங்கட்கிழமை, மலைக்குக் கொண்டுபோனேன்.
மடுவத்துக்கு இறங்குமுன்
முள்முருங்கைக் கிளையில் மாட்டி
என் சாக்கைத் தொங்கவிட்டேன்.
பதினெட்டு கிலோ அறுநூறு.
அந்த முப்பது கிராமை நான் சேர்க்கவில்லை,
இருந்துவிட்டுப் போகட்டும்.

வரிசை நகர்ந்தது.
கொழுந்து ஏறியது, முள் ஆடி நின்றது.
"பதினாறு," என்றார் கணக்கப்பிள்ளை.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
மிச்சம் அறுநூறுக்கு
அவர் பெயர்கூட வைக்கவில்லை.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
பேனை என் பெயருக்கு மேல் வந்துவிட்டது.

முப்பது கிராமுக்கு
டவுன் நடுவில் நின்று மன்னிப்புக் கேட்டவள் நான்.

"ஐயா,
படிக்கல் இருக்கா?"

பேனை நின்றது.
பின்னால் பேச்சு நின்றது.
தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரு கிலோ போதும். முத்திரை குத்தினது.
இல்லாட்டி சொல்லுங்க,
பேக்கரியில ஒண்ணு இருக்கு."